பெருவிரலின் சாட்சியம்

துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் அவற்றுக்கு வைத்திருந்த பெயர் நச்சிலக்கியம். உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பி, கொலை, களவு, மர்மம் என்ற போதையில் ஆழ்த்தி வைப்பதற்காகவே அவை அச்சிடப்படுகின்றன என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். மேடைகளில் பேசினோம், வகுப்பறைகளிலும் பேசினோம். பேசியதோடு நிற்கவில்லை. 1980களில் ஒருநாள், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இலக்கணப் புத்தகத்தினுள் மறைத்து வைத்து வாசித்துக் கொண்டிருந்த மர்ம நாவலைப் பறிமுதல் செய்தேன். அதை அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அந்த மாணவன் இன்று மலையகத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியர். சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தவர், கையில் ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து வைத்தார். “சேர், நீங்கள் அன்று பறித்ததற்குப் பதிலாக இதை நானே தருகிறேன். இதில் என்ன தீமை இருக்கிறது என்று வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். அவர் சிரித்தபடியே சொன்னாலும், அது ஒரு கடன் வசூல் என்பது எனக்கு விளங்கிற்று. இக்கட்டுரை அந்தக் கடனுக்கான வட்டி எனக் கொள்ளலாம்.

அவர் தந்த நாவல் அபிர் முகர்ஜி என்பவர் எழுதி 2016இல் வெளிவந்த ‘எ றைசிங் மான்’. இலண்டனிற் பிறந்து ஸ்கொட்லாந்தில் வளர்ந்த வங்காளியான அவர், கதையை 1919ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழ்த்துகிறார். முதலாம் உலகப் போரிலிருந்து மீண்டு, அபினுக்கு அடிமையாகிப்போன சாம் வின்டம் என்ற ஆங்கிலேயக் கப்டனும், கேம்பிரிட்ஜில் படித்த சுரேந்திரநாத் பானர்ஜி என்ற வங்காள இளைஞனும் சேர்ந்து, ஆங்கில உயர் அதிகாரி ஒருவரின் கொலையைத் துப்பறிகிறார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்த அதே ஏப்பிரல் மாதத்தின் வெப்பம் கதை முழுவதும் வீசுகிறது.

இந்த நாவலில் என்னை முதலில் நிறுத்தியது கொலை அன்று, ஒரு பெயர். சுரேந்திரநாத் என்ற பெயர் ஆங்கிலேய அதிகாரிகளின் நாவில் நுழைவதில்லை. ஆகவே அவர்கள் அவனைச் ‘சரண்டர் நொட்’ என்று அழைக்கிறார்கள். ‘சரணடையாதே’ என்று பொருள்படும் அந்தச் சிதைவில் ஆசிரியரின் நகையும் கோபமும் ஒருங்கே இருக்கின்றன. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையைச் சொல்பவன் வின்டம். பானர்ஜி பேசுவதை அவன் காதால் நாம் கேட்கிறோம். பானர்ஜி நினைப்பதை நாம் ஊகிக்கத்தான் வேண்டும். இந்தத் தொடரின் ஐந்தாவது நாவல் 2021இல் வெளிவந்தது. அதிலேதான் அத்தியாயங்கள் இருவருக்கும் பங்கிடப்பட்டு, பானர்ஜி தன் வாயால் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். பங்காளிக்குச் சொந்தக் குரல் கிடைக்க ஐந்து நாவல்கள் தேவைப்பட்டன. ஆசிரியர் இதைத் திட்டமிட்டே செய்தாரோ அல்லவோ, வரலாறு நடந்த விதமும் அதுவே.

வரலாறு என்று நான் சொல்வது வெறும் அணிக்காக அன்று. இரு இனத்தவர் சேர்ந்து துப்பறியும் கதைகளுக்கு முன்னோடியாக, அதே கல்கத்தாவில் உண்மையாகவே ஒரு கூட்டுமுயற்சி நிகழ்ந்தது. அதன் பயன் உலகின் பல நாட்டுப் பொலிஸ் துறைகளுக்கும் சென்று சேர்ந்தது. கைரேகையை வகைப்படுத்தும் முறையைத்தான் குறிப்பிடுகிறேன்.

1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் நிர்வாக அதிகாரியாக இருந்த வில்லியம் ஹேர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் வீதிக்குக் கல் வழங்கும் ஒப்பந்தம் ஒன்றை எழுதுவித்து, அதன் பின்புறத்தில் அவருடைய முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்துப் பதிப்பித்தார். கையெழுத்தைப் பின்னர் மறுத்துவிடாமல் இருக்க மனிதனை அச்சுறுத்துவதே அப்போது அவருடைய நோக்கம். கைரேகை விஞ்ஞானத்தின் நவீன வரலாறு ஒரு கூலி ஒப்பந்தத்தின் முதுகில் எழுதப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ஆள்பவனுக்கு ஆளப்படுபவனின் சொல்லில் நம்பிக்கை இல்லை. ஆகவே அவனுடைய உடலைச் சாட்சிக்கு அழைத்தான்.

ஆனால் ரேகையைப் பதிப்பது எளிது. பதித்தவற்றுள் ஒன்றைத் தேடி எடுப்பது அரிது. பல்லாயிரம் தாள்கள் குவிந்த பின், புதிதாகப் பிடிபட்ட ஒருவனின் தாள் முன்னரே அங்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது? 1891 முதல் வங்காளத்தின் பொலிஸ் மாஅதிபராக இருந்த எட்வர்ட் ஹென்றிக்கு இந்தச் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய இரண்டு உபபரிசோதகர்கள்: கணிதம் கற்ற அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து, மேலதிகாரி ஆங்கிலேயர்.

அவர்கள் கண்ட முறையின் அழகை ஓர் ஆசிரியனாக இங்கு விளக்காமல் இருக்க முடியவில்லை. பத்து விரல்களையும் இரண்டிரண்டாக ஐந்து சோடிகளாகப் பிரித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலிலும் சுழிவடிவம் உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். முதற் சோடிக்குப் பதினாறு, அடுத்ததற்கு எட்டு, பின்னர் நான்கு, இரண்டு, ஒன்று என்று மதிப்பிட்டுக் கூட்டினால், ஒரு விரல் வரிசைக்கு முப்பத்திரண்டு வாய்ப்புகள். மற்ற வரிசைக்கும் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்க 1,024. சுவரில் 1,024 புறாக்கூடுகள் போன்ற அறைகளை அமைத்து விட்டால், எந்த மனிதனின் தாளும் எந்த அறையில் இருக்கும் என்பதைச் சில நிமிடங்களிற் சொல்லிவிடலாம். ஆம், இல்லை என்ற இரு விடைகளைக் கொண்டே மனிதக் கூட்டம் முழுவதையும் பிரித்து அடுக்கிய இந்த முறை, கணிப்பொறி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அதன் தர்க்கத்தை ஒரு மரப் பேழைக்குள் கொண்டுவந்து விட்டது எனலாம்.

1897இல் கல்கத்தாவில் உலகின் முதற் கைரேகைப் பணியகங்களுள் ஒன்று நிறுவப்பட்டது. 1900இல் ஹென்றி தமது நூலை வெளியிட்டார். 1901இல் ஸ்கொட்லாண்ட் யாட் அம்முறையை ஏற்றது. ஹென்றி அங்கே உயர் பதவி பெற்று, 1903இல் இலண்டன் பொலிஸ் ஆணையாளராகவும் ஆனார். முறைக்கு வழங்கிய பெயர் ‘ஹென்றி முறை’. ஹக்குக்கும் போஸுக்கும் கிடைத்தவை கான் பகதூர், ராய் பகதூர் என்ற பட்டங்களும், ஆளுக்கு ஐயாயிரம் ரூபா சன்மானமும். அவையும் மிகக் காலந்தாழ்த்தியே வந்தன. தம்முடைய உத்தியோகத்தருள் ஹக்கின் பங்களிப்பே மிகப் பெரிதென்று ஹென்றியே முதுமையில் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் கைரேகைச் சங்கம் இன்று அவ்விருவர் பெயராலும் ஒரு பரிசு வழங்குகிறது. ஐந்தாவது நாவலிற் கிடைக்கும் குரல் என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் பெயரை இழந்தவர்களுக்காக மட்டும் இரங்கிவிட்டு நாம் நின்றுவிடலாகாது. அந்தப் புறாக்கூடுகளில் யாருடைய விரல்கள் அடைக்கப்பட்டன என்ற கேள்வியும் இருக்கிறது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையும் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. ஹக்கும் போஸும் இழைத்த அருமையான கணிதம் அவர்களுடைய நாட்டவரையே கண்காணிக்கும் வலையாகவும் ஆயிற்று. விஞ்ஞானம் வர்க்கத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ரேகையின் சுழி வர்க்கத்துக்கு அப்பாற்பட்டதுதான். மைப்பலகையில் யாருடைய விரல் வைத்து அழுத்தப்படுகிறது என்பது அப்படிப்பட்டதன்று.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1898இல் விசாரிக்கப்பட்டது அது. வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பணப் பேழை உடைக்கப்பட்டிருந்தது. அருகிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் இரத்தம் தோய்ந்த ஒரு பெருவிரல் அடையாளம். அது கல்கத்தாப் பணியகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளோடு பொருந்திற்று; முன்னர் துரையிடம் வேலை செய்து களவுக்காகத் தண்டனை பெற்ற ஒருவனின் விரல் அது. நீதிமன்றம் என்ன செய்தது? அவனைக் களவுக் குற்றத்துக்கு மட்டுமே தண்டித்தது. ரேகை அவன் அங்கு இருந்தான் என்பதைக் காட்டுகிறது. அவன் கொன்றான் என்பதைக் காட்டவில்லை என்று பிரித்துப் பார்த்தது. ஏகாதிபத்தியத்தின் நீதிமன்றம் ஒன்றே இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டது. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

நாவலாசிரியர்களும் இந்த நுட்பத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள் என்பது என் பழைய அபிப்பிராயத்தை ஆட்டம்காணச் செய்தது. 1903இல் கொனன் டொயில் எழுதிய ஷெர்லொக் ஹோம்ஸ் கதையொன்றில், சுவரிற் பதிந்த இரத்தப் பெருவிரல் அடையாளத்தைப் பொலிஸார் முடிந்த சாட்சியமெனக் கொண்டாடுகிறார்கள். உண்மையில் அது மெழுகில் எடுத்த அச்சைக் கொண்டு வஞ்சகமாகப் பதிக்கப்பட்டது. 1907இல் ஓஸ்டின் ஃபிறீமன் என்ற மருத்துவர் எழுதிய முதல் தோர்ண்டைக் நாவலின் கருவும் போலிப் பெருவிரல் ரேகையே. நுணுக்குக்காட்டியோடு உலவும் விஞ்ஞானத் துப்பறிவாளரான தோர்ண்டைக், ரேகையை நம்பாதே என்று சொல்லவில்லை. ரேகை எந்த அளவுக்குப் பேசுகிறதோ அந்த அளவுக்கு மட்டும் நம்பு என்று சொல்கிறார்.

இவர்களுக்கும் முன்னர், 1894இல், மார்க் ட்வெயின் இதைவிடக் கூரிய ஒரு கதையை எழுதியிருந்தார். அமெரிக்காவின் அடிமைநாட்களில் மிசிசிப்பி ஆற்றங்கரையூர் ஒன்றில், பார்வைக்கு வெண்ணிறமான ஓர் அடிமைத்தாய், தன் குழந்தை விற்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தில், தொட்டிலில் அதையும் எசமானின் குழந்தையையும் மாற்றிவிடுகிறாள். அடிமையின் மகன் எசமானாக வளர்கிறான். எசமானின் மகன் அடிமையாக வளர்கிறான். பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு கொலை நிகழ, ஊரார் மடையன் என்று ஒதுக்கிய வழக்கறிஞர் ஒருவர், தாம் பொழுதுபோக்காகச் சேகரித்த கைரேகைக் கண்ணாடிகளைக் கொண்டு கொலையாளியையும் தொட்டிலில் நடந்த மாற்றத்தையும் ஒருங்கே வெளிப்படுத்துகிறார். விஞ்ஞானம் வென்றது. பின்னர்? கொலையாளிக்குச் சிறைத்தண்டனை விதித்தால் கடன்காரர்களுக்கு நட்டம். அவன் ‘சொத்து’ அல்லவா? ஆகவே மன்னித்து, ஆற்றின் கீழ்ப்புறத்துக்கு விற்றுவிடுகிறார்கள். உண்மையான வாரிசோ செல்வத்தைப் பெறுகிறான். ஆனால் எழுத்தறியாதவனாய், அடிமைப் பேச்சே நாவில் ஊறியவனாய், எந்தச் சபையிலும் இருக்கமுடியாமல் நிற்கிறான். ரேகை உண்மையைச் சொல்லிற்று. அந்த உண்மையை வைத்து என்ன செய்வது என்பதைச் சமூகம் தீர்மானித்தது. மர்ம நாவல்கள் மக்களை மயக்குகின்றன என்று மேடையில் முழங்கிய நான், இதை வாசித்திருந்தால் சற்றே தாழ்ந்த குரலிற் பேசியிருப்பேன்.

இவற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இடைவிடாது நினைவில் வந்தவர் என் தாய்மாமன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய வலக்கைப் பெருவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறியதால் வந்தது. எங்கள் லயத்தில் அவரைப் போன்றவர்களைக் ‘கைநாட்டு’ என்பார்கள். படித்தவர் வாயில் அது ஒரு வசைச்சொல். கோனாயின் உள்ளங்கையிலிருந்து எங்கள் லயம்வரை ஒரு கோடு ஓடுகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவராக்கிய கதையை இவ்வேட்டின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1968க்கும் 1970க்கும் இடையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. மாமா இலங்கைக் குடியுரிமையையே விரும்பினார். அவருடைய தாயும் தந்தையும் இந்த மலையிலேயே புதைக்கப்பட்டிருந்தார்கள். தோட்டக் கந்தோரில் உத்தியோகத்தர் ஒருவர் ஆட்களை வரிசையில் நிறுத்திப் படிவங்களை நிரப்பினார். ‘இங்கே வை’ என்ற இடத்தில் மாமா பெருவிரலை வைத்தார். நான் அப்போது வெளியூரில் ஆசிரிய பயிற்சியில் இருந்தேன். படித்தவன் ஒருவன் குடும்பத்தில் இருந்தும் அன்று அருகில் இல்லை என்பதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

1972இல் அவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அது வழங்கப்பட்டுவிட்டதாகவும், நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டுமென்றும் கடிதம் வந்தது. அப்போது நான் கற்பித்த பாடசாலையில், விஞ்ஞானம் கற்பித்த சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். ஹோம்ஸையும் தோர்ண்டைக்கையும் கரைத்துக் குடித்தவர். போலிப் பெருவிரல் கதைகளை எனக்கு முதன்முதலிற் சொன்னவர் அவரே. ‘வேலையற்றவன் வாசிப்பு’ என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டவர், “மாஸ்டர், ஒருவேளை அது உங்கள் மாமாவின் விரலே இல்லாமல் இருக்கலாம். போய்ப் பார்ப்போம்” என்றார். ஆய்வுகூடத்து உருப்பெருக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டார்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நான் தனியே போயிருந்தால் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். நண்பரின் சிங்களமும், அவர் ஆசிரியர் என்பதும், பேச்சில் இருந்த நயமும் கோப்பைத் திறக்க வைத்தன. மாமாவும் உடன் வந்திருந்தார். நண்பர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். மாமாவின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். படிவத்திலிருந்த ரேகையின் குறுக்கே, மை பற்றாத வெண்கோடாக, அந்தக் கவ்வாத்துக் கத்தித் தழும்பு தெளிவாக இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து துப்பறிந்து கண்ட உண்மை மாமாவுக்கு எதிராகவே முடிந்தது.

“ரேகை இவருடையதுதானே?” என்று அலுவலர் கேட்டார். ஆம் என்றோம். “அப்படியானால் விஷயம் முடிந்தது” என்று கோப்பை மூடினார். நண்பர் விடவில்லை. படிவத்தின் அடியில், விண்ணப்பதாரிக்கு இதை வாசித்து விளக்கினேன் என்று ஒருவர் கையொப்பமிட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அப்படி யாரும் வாசித்துக் காட்டவில்லை என்று இவர் சொல்கிறார். இவரோடு வரிசையில் நின்றவர்களும் சொல்வார்கள். விசாரித்தால் என்ன என்று வாதாடினார். கையொப்பம் இருக்கிறது, ரேகை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பதே பதில். மாமா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “கை என்னோடதுதான் தம்பி. அதுல இருக்கிற எழுத்துதான் என்னோடது இல்ல.”

1898இல் ஜல்பைகுரி வழக்கை விசாரித்த நீதிமன்றத்துக்கு விளங்கிய நுட்பம் இதுவே. விரல் அங்கு இருந்தது என்பது வேறு. அந்த விரலுக்குரியவன் அதைச் செய்தான் என்பது வேறு. எழுத்தறியாத என் மாமாவுக்கு அது விளங்கிற்று. சுதந்திர நாட்டின் அலுவலகத்துக்கு விளங்கவில்லை; விளங்கவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. நமது காப்பியத்திலும் ஒரு தடயப் பரிசோதனை உண்டு. சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்தார்கள். ஐயமின்றி உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலனை வெட்டிய பிறகுதான் சிலம்பு உடைபட்டது. பரிசோதனை அரிதாக இருந்ததால் நேர்ந்த தாமதம் அன்று அது. பரிசோதிக்க வேண்டும் என்று அதற்குமுன் யாருக்கும் தோன்றவில்லை.

1973இல் மாமாவும் குடும்பத்தினரும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். நீலகிரியில், தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் குடியேற்றப்பட்டு, மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்தார்கள். இங்கு எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. மாமா அப்போது உயிரோடு இல்லை.

இனி, இரு இனத்தவர் சேர்ந்து துப்பறியும் கதைகளுக்கு வருகிறேன். இவற்றுள் பல மலிவான சமரசக் கதைகள் என்பதை மறுக்க மாட்டேன். வெவ்வேறு நிறத்தவர் இருவர் முதலில் முறைத்துக்கொள்வார்கள்; நடுவில் ஒருவர் மற்றவரின் உயிரைக் காப்பார்; இறுதியில் கைகுலுக்குவார்கள்; சமூகம் இருந்தபடியே இருக்கும். சில கதைகளில் அறியாமையும் உண்டு. பம்பாயின் கோட்டே என்ற இன்ஸ்பெக்டரைப் படைத்த ஆங்கிலேயர் கீற்றிங், 1964இல் முதல் நாவலை எழுதியபோது இந்தியாவைக் கண்டதே இல்லை. அந்நாவலில் கோட்டேக்குத் துணையாக வரும் சுவீடன் தேசத்து நிபுணர், தாம் காண்பதையெல்லாம் வியந்துகொண்டே திரிகிறார். ஆசிரியரின் வியப்பும் அதுதான் போலும். ஆயினும், தயங்கித் தயங்கிப் பேசும் அந்த எளிய உத்தியோகத்தனை, மேற்கத்தைய நிபுணனின் எடுபிடியாக்காமல் கதையின் நாயகனாக்கிய நேர்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இதைவிட வன்மையானது ஜோன் போல் 1965இல் எழுதிய நாவலும், அதிலிருந்து நோர்மன் ஜூவிசன் 1967இல் இயக்கிய ‘இன் த ஹீற் ஒஃப் த நைற்’ என்ற திரைப்படமும். தென்னமெரிக்க மாநிலங்கள் என்று தவறாகக் கொள்ளற்க. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூர் அது. ஒரு கொலை நடக்கிறது. புகையிரத நிலையத்தில் காத்திருந்த கறுப்பினத்தவர் ஒருவரை, கறுப்பர் என்பதாலும் பணப்பையில் பணம் இருந்தது என்பதாலும் கைது செய்கிறார்கள். பின்னர் தெரிகிறது, அவர் வடபகுதி நகரொன்றில் கொலை வழக்குகளை ஆராயும் பொலிஸ் நிபுணர் என்று. படத்தில் சிட்னி பொய்ட்டியர் நடிக்கும் அந்த வேர்ஜில் திப்ஸ், பிணத்தை முறைப்படி தொட்டுப் பரிசோதிக்கிறார். அடித்தவன் வலக்கைக்காரன், பிடிபட்ட வெள்ளை இளைஞனோ இடக்கைக்காரன். ஆகவே அவன் நிரபராதி என்று திப்ஸ் நிறுவுகிறார். தன்னை வெறுக்கும் ஊரின் வெள்ளையன் ஒருவனைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பது அவருடைய விஞ்ஞானம்.

ஊர்ப் பொலிஸ் தலைவர் அவரை ஏன் வைத்துக்கொண்டார்? மனமாற்றத்தினால் அன்று. கொலையுண்டவர் அவ்வூரில் தொழிற்சாலை அமைக்க வந்த முதலாளி. அவருடைய மனைவி, அந்தக் கறுப்பின அதிகாரியே வழக்கை நடத்தவேண்டும். இல்லையேல் தொழிற்சாலை வராது என்கிறார். பொருளியல் நலனே முதலில் அவ்விருவரையும் ஒரே அறையில் அமர்த்துகிறது. மரியாதை அதன் பின்னரே, அரைகுறையாக, முளைக்கிறது. இந்த யதார்த்த நோக்கை நம் சீர்திருத்தக் கதாசிரியர் பலரிடம் நான் காணவில்லை. அப்படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது வழங்கப்பட்ட விழா, 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதனால் இரண்டு நாள் ஒத்திவைக்கப்பட்டே நடந்தது. திரையில் நேர்ந்த கைகுலுக்கலுக்கும் வீதியில் நேர்ந்த துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையிலிருந்த தூரம் அவ்வளவே.

அப்படியானால் இத்தகைய கதைகளால் என்ன பயன்? என் மாணவருக்கு நான் சொல்லும் விடை இது. தடயம் தானாகப் பேசுவதில்லை. யாரோ ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பவன் ஒருவனாக, அதிகாரத்தின் பக்கத்தில் நிற்பவனாக மட்டும் இருந்தால், அவன் தனக்கு வேண்டியதையே படிப்பான். பக்கத்தில் வேறொரு மொழி, வேறொரு வாழ்க்கை, வேறொரு பயம் உடைய இன்னொருவன் நிற்கும்போதுதான், ‘விரல் இவனுடையது, எழுத்து இவனுடையதா?’ என்ற இரண்டாவது கேள்வி பிறக்கிறது. நல்ல துப்பறியும் நாவலில் பங்காளி இருப்பது அழகுக்காக அன்று. அந்த இரண்டாவது கேள்விக்காக. அந்த அலுவலகத்தில் அதைக் கேட்டவர் என் சிங்கள நண்பர். அவர் தோற்றார் என்பது உண்மை. கேட்காமல் இருந்திருந்தால் மாமாவின் கோப்பில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பதும் உண்மை.

அவர் இப்போது இல்லை. வேலையற்றவன் வாசிப்பு என்று நான் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் தவறிவிட்டேன். அந்த வாசிப்புத்தான் அவரை, தமக்கு உறவில்லாத ஒரு தோட்டத் தொழிலாளிக்காக, கண்ணாடியும் கையுமாக ஒருநாள் விடுமுறை எடுக்கச் செய்தது. நான் வாசித்த உயர்ந்த நூல்கள் என்னை மேடைவரை கொண்டுசென்றன. அந்த அலுவலகத்தின் படிக்கட்டுவரை கொண்டுசென்றவை அவருடைய மலிவுப் பதிப்புகள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவரின் மேசைக்கடியில் இருக்கும் நாவலைப் பறிப்பதற்கு முன், அதில் யார் துப்பறிகிறான், யாருக்காகத் துப்பறிகிறான், கண்ட உண்மை யாருடைய கையிற் போய்ச் சேருகிறது என்று அவனிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் கற்றுக்கொடுங்கள். அதுவும் இலக்கிய பாடமே.

நீலகிரியிலிருந்து மாமா அனுப்பிய கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை எழுதிக்கொடுத்தது. நலமாக இருப்பதாகவும், இங்குள்ளதைவிட அங்கே குளிர் அதிகமென்றும், தாயாரின் புதைகுழியைப் புல் மண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் நான்கே வரிகள். எழுதி முடித்ததை அந்தப் பிள்ளை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே விரல் வைத்ததாக அடியிற் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதன் கீழே, நீல மையில், குறுக்கே ஒரு வெண்கோடு ஓடும் பெருவிரல் அடையாளம். அந்த ஒரு தாளிலேனும் கையும் எழுத்தும் அவருடையவை.